படவில்லையும் பேச்சும்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

நம்பிக்கை: கேட்போர் மனத்தில் பதிவதில் சொற்களின் பங்கு 7 விழுக்காடே, குரலின் பங்கு 38, முகம் மற்றும் உடல்மொழியின் பங்கு 55.

உண்மை: ஸ்லைடு எனப்படும் படவில்லைகளைத் திரையில் காட்டி உரையாற்றப் பயிற்றுவிக்கும் வகுப்புகளில் ஓயாமல் சொல்லப்படும் இந்தக் கணக்கு, உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து எடுக்கப்பட்டதாயினும், அவை மேடையுரை எதையும் சோதித்தவையல்ல. ஒன்றில், அன்பு, நன்றி, கொடுமை என்றெல்லாம் பொருள்படும் ஒற்றைச் சொற்கள் வெவ்வேறு தொனிகளில் ஒலிக்கச் செய்யப்பட்டன. மற்றொன்றில், ‘இருக்கலாம்’ எனப் பொருள்படும் ஒரே ஆங்கிலச் சொல்லின் ஒலிப்பதிவு, பலவகை முகபாவப் புகைப்படங்களுடன் சேர்த்துத் தரப்பட்டது. சொல் ஒன்றையும் குரலோ முகமோ வேறொன்றையும் உணர்த்தும்போது, பேசுபவரின் விருப்பு வெறுப்பைக் கேட்பவர் எதைக்கொண்டு ஊகிக்கிறார் என்பதே அங்கு எழுந்த கேள்வி. உணர்ச்சியையும் மனப்பாங்கையும் பற்றிய பேச்சுக்கு அப்பால் தம் சமன்பாடு பொருந்தாது என்று மெஹ்ராபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார். பிழை ஆய்வினுடையதன்று, அதை எடுத்தாள்வோருடையது. சொல்லைச் செதுக்க வேண்டிய நேரத்தைக் கையசைவுப் பயிற்சிக்குக் கொடுக்க வைப்பதே அதனால் விளையும் கேடு.

நம்பிக்கை: பேசுவதை அப்படியே திரையிலும் எழுதிக் காட்டினால் இருமடங்கு பதியும்.

உண்மை: கண் தன் வேகத்தில் படிக்க, காது பேசுபவரின் வேகத்தில் கேட்க, ஒரே வாக்கியம் இரு வேளைகளில் வந்து சேர்வதால், அவற்றை ஒத்துப்பார்ப்பதிலேயே செயல்நினைவு, அதாவது கேட்டதைச் சற்று நேரம் பிடித்துவைத்துக் கையாளும் கொள்ளளவு குறைந்த நினைவு, செலவாகிவிடுகிறது. படத்துக்குக் குரல்விளக்கமே போதுமானதாக இருக்கையில், அதே விளக்கத்தை எழுத்திலும் சேர்ப்பது கற்றலைக் குறைக்கக்கூடும் என்பதை ரிச்சர்ட் மேயர் முதலிய கல்வி உளவியலாளர்களின் சோதனைகள் காட்டியுள்ளன. விதிவிலக்கும் உண்டு: உரையின் மொழி கேட்போரின் தாய்மொழியாக இல்லாதபோதும், கலைச்சொல் புதிதாக இருக்கும்போதும் எழுத்து துணைசெய்யும் என்பதால், தமிழ்வழியில் பயின்ற மாணவர்முன் ஆங்கிலத்தில் பேசுவோர் முக்கியச் சொற்களையேனும் திரையில் இடுவதே முறை.

நம்பிக்கை: மனித நினைவின் எல்லை ஏழு என்பதால், ஒரு பக்கத்தில் ஏழு வரிகளுக்கு மேல் கூடாது.

உண்மை: இந்த ஏழுக்கு மூலமான, உளவியலாளர் ஜார்ஜ் மில்லரின் 1956ஆம் ஆண்டுக் கட்டுரை, கேட்டவுடன் திருப்பிச் சொல்லக்கூடிய எண்கள், சொற்கள் போன்றவற்றைப் பற்றியது, கண்முன்னே நிற்கும் வரிகளைப் பற்றியதன்று. ஏழு வரிகளே கூடப் பல வேளைகளில் மிகுதிதான்.

நம்பிக்கை: தலைப்பு பெயருக்கு இருந்தால் போதும், விவரம் கீழுள்ள புள்ளிகளில் இருக்கும்.

உண்மை: 2003 ஜனவரி 16 அன்று ஏவப்பட்ட கொலம்பியா விண்ணோடத்தின் இடது இறக்கையை, வெளித்தொட்டியிலிருந்து பெயர்ந்த காப்பு நுரைத்துண்டு ஒன்று தாக்கியது. சேதத்தை மதிப்பிட்ட போயிங் பொறியாளர்கள் நாசா மேலாளர்களுக்காகத் தயாரித்த படவில்லை ஒன்றின் தலைப்பு, சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கமே சாய்கின்றன என்று எண்ணவைத்தது. ‘குறிப்பிடத்தக்க’ என்னும் அளவு சொல்லாத சொல் அதில் ஐந்து இடங்களில் வந்தது. சோதனையில் பயன்பட்ட துண்டின் கன அளவு 3 கன அங்குலம், விண்ணோடத்தைத் தாக்கியதாகக் கருதப்பட்டதோ 1,920 கன அங்குலம் என்ற செய்தி, பக்கத்தின் அடியில், புள்ளிக்குள் புள்ளியாகச் சிறிய எழுத்தில் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று, பூமிக்குத் திரும்பும் வழியில் விண்ணோடம் சிதைந்ததில், கல்பனா சாவ்லா உள்ளிட்ட அதில் இருந்த ஏழு பேரும் உயிரிழந்தனர். அந்த ஒரு பக்கமே அழிவுக்குக் காரணம் என்பது மிகையாகும். எனினும், தகவல் வடிவமைப்பு அறிஞர் எட்வர்டு டஃப்டியின் பகுப்பாய்வை எடுத்தாண்ட விசாரணைக் குழு, உயிராபத்தைப் பற்றிய பக்கம் அது என்பதை உணராமலேயே ஒரு மூத்த மேலாளர் அதைப் படித்து முடித்திருக்கக்கூடும் எனத் தன் அறிக்கையில் பதிவுசெய்தது. இரு அளவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 640 மடங்கு. தலைப்பில் இருந்திருக்க வேண்டிய அந்த எண், பக்கத்தில் எங்குமே எழுதப்படவில்லை.