லேப்டாப் சார்ஜர் கெட்டுவிட்டதா? வாங்கப் போகும் முன்

லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை என்றதும் நம்மில் பலர் நேராகப் புது அடாப்டரின் விலையைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம். அதற்கு முன் கால்மணி நேரம் ஒதுக்கி, பழுது எந்த இடத்தில் என்று பார்த்துவிடுங்கள். ‘சார்ஜர் போச்சு’ என்று மொத்தமாகச் சொல்கிறோமே, அதில் மூன்று பாகங்கள் உண்டு. சுவரிலிருந்து வரும் பவர் கார்டு, நடுவில் உள்ள கறுப்புப் பெட்டி, பெட்டியிலிருந்து லேப்டாப்புக்குப் போகும் மெல்லிய ஒயரும் அதன் நுனியிலுள்ள பின்னும். லேப்டாப்பிலேயே இருக்கும் சாக்கெட்டை நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றில் எது கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, செலவு நூறு இருநூறு ரூபாயோடு முடியலாம். இரண்டாயிரம் மூவாயிரம் வரை போகவும் போகலாம்.

முதலில் சுவர். அதே பிளக் பாயிண்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். ஜங்ஷன் பாக்ஸில் செருகியிருந்தால் அதை விட்டுவிட்டு நேரடியாகச் சுவரில் போடுங்கள். அடுத்தது பவர் கார்டு. பெட்டியில் செருகும் முனை மூன்று இலை வடிவத்திலோ எட்டு வடிவத்திலோ இருக்கும். இது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவு என்பதால் பக்கத்து வீட்டிலோ அலுவலகத்திலோ ஒன்றை இரவல் வாங்கி மாற்றிப் பார்ப்பது சுலபம். கார்டுதான் கெட்டிருந்தால் கார்டை மட்டும் வாங்கினால் போதும். பல கடைகளில் இதைச் சோதிக்காமலே அடாப்டரை முழுதாக மாற்றச் சொல்வார்கள். நாமே பார்த்துவிட்டுப் போவது நல்லது.

பெட்டியில் சிறு விளக்கு இருந்தால் அது நிறைய சொல்லும். வேறு பவர் கார்டு போட்டும் விளக்கு எரியவில்லை என்றால் பெட்டியின் உட்புறம் போயிருக்கலாம். விளக்கு எரிகிறது, லேப்டாப்பில் பின்னைச் செருகியதும் அணைந்துவிடுகிறது என்றால் கதை வேறு. எங்கோ ஷார்ட் ஆகி, அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தை நிறுத்துகிறது. பின்னைக் கழற்றிவிட்டு, சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் பொறுத்துத் திரும்பப் போடுங்கள். விளக்கு மறுபடி எரிந்தால் பெட்டி உயிரோடு இருக்கிறது. சந்தேகப்பட வேண்டியது பெரும்பாலும் லேப்டாப்பின் சாக்கெட்டையோ மதர்போர்டையோதான். இந்த நிலையில் சோதிக்காமல் புது அடாப்டர் வாங்கினால் பணம் வீணாகலாம். பெட்டியைக் காதருகே வைத்தால் ‘டிக், டிக்’ என்று விட்டு விட்டுச் சத்தம் கேட்கிறது, விளக்கும் மினுக்குகிறது என்றால் வெளியே போகும் ஒயரிலேயே ஷார்ட் இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்த ஒயர் கெடும் இடங்கள் இரண்டு: பின்னுக்கு ஓர் அங்குலம் பின்னால், பெட்டியை விட்டு வெளிவரும் கழுத்தில். பெட்டியைச் சுற்றி ஒயரை இறுக்கிக் கட்டிப் பையில் போடுவதுதான் பெரும்பாலும் காரணம். அந்த இரண்டு இடங்களிலும் ரப்பரை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். உள்ளே ஒரு நடு ஒயர் இருக்கும்; அதைச் சுற்றி முடி போன்ற செம்பு இழைகள் வலையாகப் பின்னியிருக்கும். வலை அறுந்த இடத்தில் ஒயர் மற்ற இடங்களைவிடத் தொளதொளவென்று வளையும். ரப்பர் வெடித்த இடத்தில் செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ தெரியும். ஒயரை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது என்றால் பழுது ஒயரில். ஒயரை அசைக்காமல் பின்னை மட்டும் சாக்கெட்டுக்குள் அசைக்கும்போது விட்டு விட்டு ஏறினால் பழுது லேப்டாப் சாக்கெட்டில். பல மாடல்களில் அந்த சாக்கெட் தனி ஒயரோடு கழற்றி மாட்டும்படி வருகிறது; சிலவற்றில் போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். முன்னதை மாற்றுவது எளிது. பின்னதற்குக் கை தேர்ந்த டெக்னீஷியன் வேண்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரிந்துவிடும். டிசி 200 வோல்ட் அளவில் வையுங்கள். 20 வோல்ட் அளவில் வைத்தால், 20 வோல்ட் தரும் அடாப்டர் அந்த எல்லையைத் தொட்டுவிடும். மீட்டர் எண்ணைக் காட்டாமல் இடது ஓரத்தில் வெறும் ‘1’ என்று நிற்கும், நீங்கள் அடாப்டர் கெட்டுவிட்டதாக நினைத்துவிடுவீர்கள். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 19, 19.5 அல்லது 20 வோல்ட்டுக்கு அருகில் காட்டினால் சரி. ஆனால் வெறுமனே அளக்கும்போது சரியாகக் காட்டிவிட்டு, லேப்டாப் இழுக்கத் தொடங்கியதும் படுத்துவிடும் அடாப்டர்களும் உண்டு. உள்ளே கபாசிட்டர் சோர்ந்துபோனால் அப்படி ஆகும். அதனால் மீட்டர் நல்லபடி காட்டுவதை மட்டும் நம்பி முடிவுக்கு வரவேண்டாம். அதே வகை அடாப்டர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதைவிட நல்ல சோதனை இல்லை. டைப்-சி அடாப்டரை மீட்டரால் இப்படி அளக்க முடியாது. லேப்டாப்போடு ‘பேசி’ முடித்த பிறகுதான் அது 20 வோல்ட்டுக்கு ஏறும்.

பின்னுக்குள் நடுவில் ஊசி போன்ற ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், மீட்டர் முனையை உள்ளே விடும்போது மிகுந்த கவனம் வேண்டும். டெல், எச்பி, லெனோவா மாடல்கள் பலவற்றில் அந்த ஊசி மின்சாரத்துக்கானது இல்லை. ‘நான் இத்தனை வாட் அடாப்டர்’ என்று லேப்டாப்புக்குச் சொல்வதற்கான கம்பி அது. உட்சுவரையும் ஊசியையும் மீட்டர் முனையால் ஒன்றாகத் தொட்டுவிட்டால் அடையாளம் சொல்லும் சிப் போய்விடலாம்.

இந்த அடையாளக் கம்பியைப் பற்றித் தெரிந்திருந்தால் ஒரு பெரிய குழப்பம் தீரும். லேப்டாப் ஓடுகிறது, ஆனால் பேட்டரி ஏறவில்லை, வேகமும் குறைந்துவிட்டது. டெல் லேப்டாப் என்றால், அடாப்டரின் வகையைக் கண்டறிய முடியவில்லை என்று ஆரம்பத்திலேயே ஓர் எச்சரிக்கை வரும். அப்போது எப்2 விசையை அழுத்தி பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போனால் அடாப்டரின் வாட் அளவு இருக்க வேண்டிய இடத்தில் ‘தெரியவில்லை’ என்ற பொருளில் எழுதியிருக்கும். ஊசி வளைந்திருக்கலாம், அல்லது அந்த மெல்லிய ஒயர் மட்டும் அறுந்திருக்கலாம். பேட்டரி கெட்டுவிட்டது என்று நினைத்து, பேட்டரியை மாற்றிவிட்டு ஏமாந்து நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இன்னொன்று: சார்ஜ் 60 அல்லது 80 சதவீதத்தில் நின்றுவிட்டால் அது பழுதே இல்லாமல் இருக்கலாம். பேட்டரியின் ஆயுளைக் காக்க லேப்டாப் நிறுவனங்கள் தரும் மென்பொருளில் அப்படி ஒரு வரம்பு இருக்கிறது. அது ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் ‘ஜிவ்’வென்று உறுத்துவதும் பெரும்பாலும் அடாப்டரின் குற்றமாக இருக்காது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வர்ட்டரில் செருகியிருப்போம், அல்லது வீட்டு எர்த் சரியாக இருக்காது. எர்த் உள்ள பாயிண்டில் செருகியும் அது போகவில்லை என்றால் அந்த அடாப்டரைத் தூர வைத்துவிட வேண்டும்.

சரி, பழுது எதில் என்று தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வது?

வாரண்டி இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். லேப்டாப்போடு வந்த அடாப்டருக்கும் பொதுவாக ஓராண்டு வாரண்டி உண்டு. பில்லோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

வாரண்டி முடிந்திருந்து, ஒயர் மட்டும் அறுந்திருந்தால், ஒயரை மாற்றுவதே என் முதல் தேர்வு. பெட்டி ஒரிஜினலாகவும் நல்ல நிலையிலும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பின்னோடு சேர்ந்த ஒயர் தனியாகக் கிடைக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, சிறு ஊர்களின் கணினி பழுதுபார்க்கும் கடைகளிலும் போட்டுத் தருவார்கள். ஊசி உள்ள பின் என்றால் உள்ளே மூன்று கம்பி உள்ள ஒயரைத்தான் போட வேண்டும். இரண்டு கம்பி ஒயரைப் போட்டால் லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது. அறுந்த இடத்தில் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது அவசரத்துக்கு ஒரு மாலை தாங்கலாம். அதிலேயே மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். அந்த இடம் சூடேறும்.

பெட்டியே போயிருந்தால் அதைத் திறந்து சரிசெய்யும் வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெட்டியின் இரண்டு பாதிகளையும் ஆலையிலேயே உருக்கி ஒட்டியிருப்பதால் அறுத்துத்தான் பிரிக்க வேண்டும். உள்ளே உள்ள பெரிய கபாசிட்டர், நம் 230 வோல்ட் மின்சாரத்தில் சுமார் 325 வோல்ட் டிசி வரை ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அங்கேயே நிற்கலாம். பழகாத கை தொட்டால் ஆபத்து. சரிசெய்தாலும் பிளந்த பெட்டியைப் பசை போட்டு ஒட்டித்தான் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

புதிதாக வாங்குவது என்று முடிவானால், வோல்ட் பொருந்த வேண்டும். 19க்கும் 19.5க்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் பாதகமில்லை. 12 வோல்ட்டோ 24 வோல்ட்டோ கூடவே கூடாது. ஆம்பியர் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம். அதிக ஆம்பியர் அடாப்டர் லேப்டாப்பை எரித்துவிடும் என்ற பயம் தேவையில்லை. 1000 வாட் இஸ்திரிப்பெட்டி போடும் பாயிண்டில் சின்ன பல்பைப் போட்டாலும் அது தனக்கு வேண்டியதைத்தானே எடுத்துக்கொள்கிறது? குறைவாக இருந்தால்தான் தொல்லை. 90 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 45 வாட் போட்டால் அடாப்டர் கொதிக்கும், சார்ஜ் மெதுவாக ஏறும், வேலை அதிகமானால் இறங்கவும் செய்யும். பின்னின் அளவையும் வெறும் கண்ணால் நம்ப வேண்டாம், 5.5 மில்லிமீட்டர் பின்னிலேயே உள்துளை 1.7, 2.5 என்று மாறும். பழைய அடாப்டரையும் லேப்டாப்பையும் கையோடு எடுத்துப் போவதே சரி.

உங்கள் லேப்டாப் ஐந்து ஆண்டுக்குள் வாங்கியதாக இருந்தால், அடாப்டர் தேடும் முன் அதன் டைப்-சி ஓட்டையைப் பாருங்கள். பக்கத்தில் பேட்டரி அல்லது பிளக் படமோ ‘பிடி’ (PD, பவர் டெலிவரி) என்ற எழுத்தோ இருந்தால், உருளைப் பின் சாக்கெட் தனியாக இருந்தாலும் டைப்-சி வழியாகவே சார்ஜ் செய்யலாம். படம் இல்லாவிட்டால் நிறுவனத்தின் இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள். அந்த வசதி இருந்தால் நல்ல நிறுவனத்தின் 65 வாட் பிடி சார்ஜர்தான் என் தேர்வு. லேப்டாப், போன், டேப்லெட் மூன்றுக்கும் அது ஒன்றே போதும். நாளை லேப்டாப்பை மாற்றினாலும் வீணாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் 28 முதல் விற்பனைக்கு வரும் லேப்டாப்களுக்கு டைப்-சி சார்ஜிங்கைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உலகச் சந்தைக்குச் செய்யும் நிறுவனங்கள் எல்லாமே அந்தப் பக்கம்தான் போகின்றன.

டைப்-சியில் ஏமாறும் இடங்களும் உண்டு. போன் சார்ஜரில் 67 வாட், 80 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பது பல சமயம் அந்த போன் நிறுவனத்தின் சொந்த முறைக்கான கணக்கு. லேப்டாப்புக்கு அவ்வளவும் கிடைக்காது. பின்புறத்துச் சிறு எழுத்தில் ‘20 வோல்ட், 3.25 ஆம்பியர்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஓட்டை உள்ள சார்ஜரில் போனையும் சேர்த்துச் செருகினால் வாட் பிரிந்துபோகும். கேபிளும் முக்கியம்: சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 100 அல்லது 240 வாட் என்று குறித்த கேபிள் வாங்க வேண்டும். 180, 230 வாட் கேட்கும் கேமிங் லேப்டாப்புக்கு இந்த வழி ஒத்துவராது, நிறுவனத்தின் அடாப்டரேதான்.

உருளைப் பின் மட்டுமே உள்ள லேப்டாப் என்றால், அது இன்னும் சில ஆண்டு உழைக்கக்கூடியதாக இருந்து ஊசி உள்ள பின்னும் இருந்தால், ஒரிஜினலுக்கே போங்கள். விலை, வேறு நிறுவனங்கள் செய்யும் ‘கம்பேட்டிபிள்’ அடாப்டரைவிட இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். ஆனால் அடையாளச் சிக்கல் வராது. ஏசர், ஏசுஸ் போன்றவற்றின் பழைய மாடல்களில் பெரும்பாலும் அந்த அடையாளக் கம்பி இருக்காது. அவற்றுக்குத் தரமான கம்பேட்டிபிள் போதும். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கிடைத்த லேப்டாப் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளில் அதற்காக ஒரிஜினல் அடாப்டரைத் தேடி அலைய வேண்டியதில்லை, பின்னில் ஊசி இல்லாத வரை. அலுவலக லேப்டாப்களிலிருந்து கழற்றி விற்கும் பழைய ஒரிஜினல்களும் கிடைக்கும். ஒயர் நன்றாக இருந்தால் புது டூப்ளிகேட்டைவிட அதையே வாங்குவேன். எட்டுப் பத்துப் பின்களோடு, வோல்ட்டை நகர்த்தும் சுவிட்சோடு வரும் யுனிவர்சல் அடாப்டரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சுவிட்ச் ஒருமுறை இடம் மாறினால் லேப்டாப்புக்கே ஆபத்து.

எதை வாங்கினாலும் பெட்டியின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும், ‘ஆர்’ எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இந்தியாவில் விற்கும் கணினி அடாப்டர்களுக்கு இந்தப் பதிவு கட்டாயம். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்று வரும். பெட்டியில் அச்சிட்ட பெயரும் அதுவும் பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரிஜினலோடு ஒப்பிடும்போது கையில் மிகவும் லேசாக இருப்பது, எழுத்துப் பிழை, மங்கிய அச்சு ஆகியவையும் சந்தேகத்துக்குரியவை. மலிவு அடாப்டரில் 230 வோல்ட் பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியையும் தடுப்பையும் குறைத்துவிடுவார்கள். அது வெளியே தெரியாது.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே போட்டுப் பாருங்கள். பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும் நிலையில் லேப்டாப்பைக் கொண்டுபோங்கள். நிறைந்த பேட்டரியோடு போனால் சோதனையே நடக்காது. ஒரு வீடியோவை ஓடவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். சதவீதம் ஏற வேண்டும். பெட்டி இளஞ்சூடாகலாம், கை வைக்க முடியாதபடி கொதிக்கக் கூடாது. டெல் என்றால் பயாஸில் வாட் அளவு சரியாக வருகிறதா என்றும் பாருங்கள். பில்லில் மாடல் எண்ணையும் வாரண்டி மாதங்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாங்கியதைக் காப்பாற்றவும் வேண்டும்: மழைக்காலத்தில் இடி மின்னல் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். ஒயரை வைக்கும்போது பெட்டியைச் சுற்றி இறுக்காமல் பெரிய வளையமாகத் தளர்வாகச் சுருட்டி வையுங்கள்.