நால்வரில் ஒருவராக வாசித்தல்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில், ஜூன் மாதக் கடைசியில் பள்ளிகள் மூடிய பிறகு, வயலினையும் வயோலாவையும் செல்லோவையும் சுமந்துகொண்டு பதின்வயதுப் பிள்ளைகள் மலையடிவாரங்களிலும் கடலோரச் சிற்றூர்களிலும் வந்து கூடி, சில வாரங்கள் தங்கி, மூவராகவும் நால்வராகவும் ஐவராகவும் சேர்ந்து வாசிக்கப் பயிலும் வழக்கம் நெடுங்காலமாக நிலைபெற்றிருக்கிறது. போஸ்டன் நகரத்துப் புகழ்பெற்ற வயலின் கலைஞரான ஃபிரான்ஸ் க்னைசல், 1902ஆம் ஆண்டில் மெய்ன் மாநிலத்து ப்ளூ ஹில் என்னும் ஊரில் தம் மாணவர்களைக் கோடையில் கூட்டிவைத்துத் தொடங்கிய பயிற்சி இன்றும் அவர் பெயராலேயே நடைபெறுகிறது; நியூயார்க் மாநிலத்து மலைப்பகுதியில் 1944இல் ஐவான் கலாமியன் நிறுவிய மெடோமௌன்ட் பள்ளியும் இந்தப் பரம்பரையைச் சேர்ந்ததே. இத்தகைய கோடைப் பயிற்சிகளில் பல ஆண்டுகள் நால்வர் குழுக்களுக்கு வழிகாட்டும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. அங்கே கண்டு தெளிந்தவற்றை, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படுமென்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இப்பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்படும் பிள்ளைகள் சாமானியர்கள் அல்லர். மெண்டல்சனுடைய வயலின் கான்சர்ட்டோவைப் பிசகின்றி வாசிக்கத்தக்கவர்கள். நாள்தோறும் நான்கைந்து மணிநேரச் சாதகத்தைச் சிறுவயது முதலே விரதம்போல் அனுஷ்டித்தவர்கள். ஆயினும் அந்தச் சாதகமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு தனியறையில் செய்ததாகையால், தம் வில்லிலிருந்து பிறக்கும் நாதத்தை அன்றிப் பிறருடைய நாதத்தை, வாசித்துக்கொண்டிருக்கும்போதே கேட்கும் சக்தி அவர்களிடம் வளர்ந்திருப்பதில்லை. கைத்திறமையைப் பெருக்குவது கோடைப் பயிற்சியின் பிரதான நோக்கமன்று. சிரவண ஞானத்தை வளர்ப்பதே அதன் நோக்கமென்பது என் உறுதியான அபிப்பிராயம். நான் சொல்லப்போகும் யோசனைகள் யாவும் அந்த ஒன்றையே பற்றி நிற்பவை.

முதலாவது, ஊரைவிட்டுப் புறப்படுமுன் செய்யவேண்டியது. தம் பகுதி அச்சிடப்பட்ட தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு சாதகம் செய்வது போதாது. நால்வருடைய பகுதிகளும் ஒருங்கே அச்சிடப்பட்ட முழுப் பிரதியை வாங்கி, கையில் வாத்தியமில்லாமல், ஒரு நூலைப் படிப்பதுபோல் படிக்கவேண்டும். இசையமைப்பாளர் டுவோர்ஷாக் 1893ஆம் ஆண்டுக் கோடையில், அயோவா மாநிலத்து ஸ்பில்வில் கிராமத்தில் தங்கியிருந்தபோது இயற்றிய எஃப் மேஜர் குவார்ட்டெட் என்னும் நால்வர் இசையை உதாரணமாகக் கொள்ளலாம். ஆரம்பத்தில் இரண்டு வயலின்களும் முணுமுணுக்க, செல்லோ ஒரே ஸ்வரத்தைத் தாங்கிநிற்க, மூன்றாவது தாளக்கட்டில் வயோலாதான் பிரதான கீதத்தை எடுக்கிறது. முழுப் பிரதியைப் பார்த்த வயலின் மாணவன் தன் முணுமுணுப்பு வயோலாவுக்கு விரித்த கம்பளமென்று அறிந்து மெல்ல வாசிப்பான். பாராதவனோ அதையே கீதமாகப் பாவித்து ஓங்கி வாசித்து வயோலாவை மறைத்துவிடுவான். (இந்தப் படைப்பைப் போஸ்டனில் 1894 ஜனவரி முதல் நாளன்று அரங்கேற்றியது முன்னே குறிப்பிட்ட க்னைசலின் குழுவே.)

இரண்டாவது சுருதி. தனித்து வாசிப்பவன் தன் நான்கு தந்திகளையும் சுத்தமான பஞ்சமங்களாகச் சேர்த்துக்கொண்டு திருப்தியடையலாம். நால்வர் கூடும்போது அது செல்லாது. செல்லோவின் அடித்தந்தியாகிய சி முதல் வயலினின் மேல்தந்தியாகிய இ வரை, சி, ஜி, டி, ஏ, இ என்று ஒவ்வொன்றையும் சுத்த பஞ்சமமாக அடுக்கிக்கொண்டே போனால், அந்த இ, அடித்தந்தி சி-க்கு இயல்பாகப் பொருந்தும் காந்தாரத்தைவிட அரைஸ்வரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏறி நின்றுவிடும். ஆகவே தேர்ந்த குழுக்கள் பஞ்சமங்களைச் சற்றே நெருக்கி, செல்லோவும் வயோலாவும் தம் சி தந்தியைச் சிறிது உயர்த்திவைத்து, வயலினின் இ-யோடு ஒத்துப் பார்த்த பிறகே தொடங்குகின்றன. ஒத்திகையில் ஒரு பகுதி கரகரத்தால், வேகத்தைப் பாதியாகக் குறைத்து, தந்திமேல் விரலை அசைத்து நாதத்தை அதிரச்செய்வதை அறவே நீக்கி, முதலில் செல்லோவையும் பிறகு ஒவ்வொருவராக ஏனையோரையும் சேர்த்துக்கொண்டு வாசித்தால் குற்றம் எங்கே இருக்கிறதென்பது தானே வெளிப்படும்.

மூன்றாவது, தொடக்கமும் நடையும். நம் கச்சேரி மேடையில் பாடகரின் மனோதர்மத்தை வயலின் வித்வான் பின்தொடர்ந்து செல்வார்; குவார்ட்டெட்டிலோ தலைமை ஒருவரிடம் தங்குவதில்லை. முதல் வயலின் தலையை ஆட்டித் தொடங்கிவைக்கும் என்றெண்ணிப் பிள்ளைகள் அதையே பார்த்திருப்பார்கள். தொடங்குபவர் எடுக்கும் மூச்சு, பின்வரும் இசையின் காலப்பிரமாணத்திலேயே அமைந்திருந்தால், தலையசைவு ஏதும் வேண்டாமலே நால்வரும் ஒன்றாக இறங்கலாம். சிறு ஸ்வரங்களை இடைவிடாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர், அவர் இரண்டாம் வயலினானாலும் வயோலாவானாலும், அந்த இடத்தில் லயத்துக்குத் தலைவர். மற்றவர்கள் அவரைக் கேட்டு நடக்கவேண்டும். நான்கு நாற்காலிகளையும் வெளிப்புறமாகத் திருப்பிவைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ஒரு பகுதியை வாசிக்கச் செய்வதைக் காட்டிலும் பலன் தரும் அப்பியாசம் வேறொன்றை நான் கண்டதில்லை.

நான்காவது, ஒத்திகையில் பேசும் முறை. திறமைசாலிகளான நால்வர் ஓரறையில் கூடினால் கருத்து வேற்றுமை எழுவது சகஜமே. ஆனால் வில்லைக் கீழே வைத்துவிட்டு வாதாடுவதில் பொழுது வீணாகிறது. ஒருவர் ஒரு யோசனை சொன்னால் அதை மறுக்குமுன் முழு மனத்தோடு ஒருமுறை வாசித்துப் பார்க்கவேண்டும். பிறகு எதிர் யோசனையையும் அவ்வாறே வாசித்துப் பார்க்கவேண்டும். எது சிறந்ததென்று பெரும்பாலும் செவியே தீர்ப்பளித்துவிடும். குறை சொல்லும்போது “நீ” என்று தொடங்காமல், இன்ன தாளக்கட்டில் நாம் சேரவில்லை என்று இடத்தைச் சுட்டிச் சொன்னால் மனம் புண்படாது, வேலையும் நடக்கும்.

இரண்டாம் வயலின் தமக்குக் கிடைத்ததென்று கேட்டதும் சில பிள்ளைகளின் முகம் வாடிவிடுகிறது. பெற்றோர் சிலர் அதைக் குறைவாகவே கருதுகிறார்கள். முதல் வயலினின் உச்ச ஸ்தாயிக்கும் செல்லோவின் ஆழத்துக்கும் நடுவே நின்று, எந்தக் கணத்தில் முன்வரவேண்டும், எந்தக் கணத்தில் ஒதுங்கவேண்டும் என்று ஓயாமல் தீர்மானித்துக்கொண்டிருக்கும் அந்த ஸ்தானத்தைப்போல் செவியைக் கூர்மையாக்கும் பள்ளிக்கூடம் வேறில்லை. ஒரே கோடையில் ஒரு படைப்பில் முதல் வயலினும் மற்றொன்றில் இரண்டாம் வயலினும் வாசிப்பதுதான் நியாயமான ஏற்பாடு.

உடலையும் வாத்தியத்தையும் பேணுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் தனிச் சாதகம், பகலில் ஒத்திகை, இரவில் உற்சாகத்தால் நேரும் வாசிப்பு என்று கூட்டினால் தோளும் மணிக்கட்டும் தாங்கமாட்டா. மணிக்கொரு முறை பத்து நிமிஷ ஓய்வு அவசியம். வலி வந்தால் மறைக்காமல் ஆசிரியரிடம் தெரிவிக்கவேண்டும். ஜூலை மாதத்து ஈரக் காற்றில் மரம் உப்பும், முறுக்காணி இறுகும், ஒட்டிய விளிம்பு விடும். ஆகவே வாத்தியத்தை ஏரிக்கரையிலோ மூடிய மோட்டார் வண்டியிலோ விட்டுவைக்கலாகாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் கீர்த்தியைக் கேளாதீர்கள். ஒரு குழுவுக்கு வாரத்தில் எத்தனை முறை ஆசிரியர் வழிகாட்டுகிறார், கோடை முழுவதும் அதே நால்வர் சேர்ந்திருக்கிறார்களா, உபகாரச் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். முதன்முறை செல்லும் பிள்ளைக்கு ஹைடனுடைய குவார்ட்டெட் கொடுக்கப்பட்டால் எளியதென்று வருந்தாதீர்கள்; எதையும் மறைக்கவொட்டாத அந்தத் தெளிந்த இசையில்தான் ஒவ்வொரு பிசகும் காதில் விழுகிறது. வயது போதாதென்ற அச்சமும் வேண்டாம். மெண்டல்சன் தம் எண்மர் இசையை இயற்றிய 1825இல் அவருக்கு வயது பதினாறுதான். கடைசி வாரக் கச்சேரியில் கிடைக்கும் கரகோஷத்தை வைத்துக் கோடையின் பலனை மதிப்பிடாதீர்கள். வீடு திரும்பிய பிள்ளை பிறர் வாசிப்பதை முன்னிலும் கவனமாகக் கேட்கத் தொடங்கியிருந்தால், செலவிட்ட பொருளும் காலமும் முழுப் பயன் அடைந்தன என்று நிச்சயமாகக் கொள்ளலாம்.