கடவுச்சொல்லும் கதவடைத்த கணினியும்

செபராங் ஜெயாவுக்குத் தோட்ட மக்கள் வருவது பெரும்பாலும் அரசாங்க மருத்துவமனையை நாடித்தான். இப்பொழுது அங்குள்ள கணினிக் கடைகளுக்கும் அவர்கள் வரத் தொடங்கியுள்ளனர். சென்ற பள்ளி விடுமுறையில், அச்சுப்பொறிக்கு மை வாங்கும் பொருட்டு அத்தகைய கடையொன்றுக்குச் சென்றிருந்தோம். கூலிம் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவும் தாயார் ஒருவர், ஆறாம் படிவத்தில் பயிலும் தம் மகளுடன் அங்கே நின்றிருந்தார். துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்த மடிக்கணினி மேசைமீது திறந்திருந்தது. அதனுள் அம்மாணவியின் எஸ்.டி.பி.எம். கோர்வைப் பணி முழுவதும் இருந்தது. வேறு எங்கும் படி எடுத்து வைக்கப்படவில்லை. விடுமுறை முடிந்ததும் அதனை ஆசிரியரிடம் ஒப்படைத்தாக வேண்டும்.

"துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டுத் தருகிறோம், 80 வெள்ளி" என்று கடைப்பையன் சொல்லிவிட்டான். துடைப்பது என்றால் உள்ளிருப்பது யாவும் போய்விடும் என்பது மாணவிக்குத் தெரியும், தாயாருக்குத் தெரியாது. "ஐயா, பணத்தைக் கட்டினால் பிள்ளை எழுதினது கிடைத்துவிடும் இல்லையா?" என்று அவர் நம்மைக் கேட்டபொழுதுதான் இவ்விவகாரத்தில் நாம் தலையிட நேர்ந்தது.

நடந்தது இதுதான். அந்த மடிக்கணினி, பிறைத் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் அண்ணன் வாங்கித் தந்தது. தம் மின்னஞ்சல் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் கொண்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கொன்றை அவரே அதில் திறந்து வைத்தார். தங்கைக்கு எளிதாக இருக்கட்டுமென்று ‘பின்’ எனப்படும் இரகசிய எண் ஒன்றையும் அமைத்துக் கொடுத்தார். ஓராண்டுக் காலம் அந்த எண்ணைத் தவிர வேறெதையும் கணினி கேட்கவில்லை. ஒருநாள் கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு மீண்டும் எழுந்தது. ஏதோ நிகழ்ந்துவிட்டதாகவும், இரகசிய எண்ணைப் பயன்படுத்த இயலவில்லை என்றும் திரையில் ஆங்கிலத்தில் அறிவித்து, கடவுச்சொல்லைக் கேட்டது. கடவுச்சொல் அண்ணனுக்கே நினைவில்லை. அவர் தம் கைப்பேசி வாயிலாகப் புதிய கடவுச்சொல்லை அமைத்துத் தங்கைக்குத் தெரிவித்தார். மாணவி அதனை எழுத்துப் பிசகாமல் தட்டினார். கணினியோ ஏற்க மறுத்தது. பத்துப் பதினைந்து முறை முயன்றபின் அழுகையோடு கடைக்கு வந்துவிட்டனர்.

இங்கே வாசகர்கள் ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். இரகசிய எண்ணும் கடவுச்சொல்லும் ஒன்றல்ல. இரகசிய எண் அந்த ஓர் இயந்திரத்துக்கு மட்டும் உரியது; அதனுள்ளிருக்கும் பாதுகாப்புச் சில்லுடன் பிணைக்கப்பட்டது. புதுப்பித்தலின்போது அப்பிணைப்பு அறுந்துபோவதுண்டு. கடவுச்சொல்லோ கணக்குக்கு உரியது. அதனைச் சரிபார்ப்பது தொலைவிலுள்ள நிறுவனம். இணையம் உள்ளபோது கணினி அங்கே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. இணையம் இல்லாதபோது, தான் கடைசியாக அறிந்திருந்த பழைய கடவுச்சொல்லை மட்டுமே அது ஏற்கும். தோட்ட அலுவலகத்தில் பெயர்ப் பட்டியல் மாற்றப்பட்டுவிட்டது. ஆனால் விடியற்காலைப் பிரட்டில் நிற்கும் மண்டோரின் கையில் நேற்றைய பட்டியலே இருக்கிறது. புதிதாக வந்தவரின் பெயரை அவர் எப்படிக் கூப்பிடுவார்?

அந்த மடிக்கணினி பழகியிருந்தது அண்ணனின் கைப்பேசி இணையத்துடன். அண்ணன் பிறையில், கணினி லயத்து வீட்டில். ஆகவே புதிய கடவுச்சொல் பற்றிய செய்தி அதற்கு எட்டவே இல்லை. இதைக் கணினி மறைக்கவும் இல்லை. ‘இணையத் தொடர்பு இல்லை, இக்கணினியில் கடைசியாகப் பயன்படுத்திய கடவுச்சொல்லைத் தருக’ என்னும் பொருளில் கட்டத்தின் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. பதற்றத்தில் அதனை எவரும் படிக்கவில்லை. கடைப்பையனும் படிக்கவில்லை என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறோம்.

திரையின் வலது கீழ் மூலையில் இணையக் குறி உண்டு. கணினிக்குள் நுழையாமலேயே அதனை அழுத்தித் தொடர்பு ஏற்படுத்தலாம். நமது கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்து, மாணவியையே அக்குறியை அழுத்தச் செய்தோம். பின்னர் அதே புதிய கடவுச்சொல்லைத் தட்டினார். கதவு திறந்தது. 5 நிமிடங்கூட ஆகவில்லை. புதிய இரகசிய எண்ணையும் அங்கேயே அமைத்துக்கொண்டார். கோர்வைப் பணி ஓர் எழுத்தும் குறையாமல் இருந்தது. அதனை உடனே ஒரு விரலியில் படி எடுக்கச் செய்தோம்; கடைப்பையனுக்கு விரலி ஒன்று விற்ற ஆதாயம் கிடைத்தது.

எல்லாக் கதவடைப்பும் இவ்விதமே நேர்வதில்லை. விசைப்பலகையால் வரும் தொல்லை இதனினும் மிகுதி. பெரிய எழுத்து விசை அழுந்தியிருப்பதைப் பலரும் அறிவர். ஆனால் விசைப்பலகையின் மொழி மாறிப்போவதை அறிந்தவர் சிலரே. அமெரிக்க அமைப்பில் ஷிஃப்ட் விசையுடன் 2ஐ அழுத்தினால் மின்னஞ்சல் முகவரிகளில் வரும் ‘@’ குறி விழும். பிரிட்டிஷ் அமைப்பில் அதே விசைகள் இரட்டை மேற்கோள் குறியைத் தரும். ‘@’ குறியோ என்டர் விசையின் அருகே போய்விடும். நம் நாட்டில் விற்கப்படும் கணினிகளில் அச்சிடப்பட்டிருப்பது பெரும்பாலும் அமெரிக்க அமைப்பு. உள்ளே பிரிட்டிஷ் ஆங்கிலம் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், கண் பார்த்து அழுத்துவது ஒன்று, கணினி பெறுவது வேறொன்று. தமிழில் தட்டச்சுச் செய்யும் நம் பிள்ளைகள் இதில் கூடுதலாகக் கவனம் செலுத்த வேண்டும். நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய ‘முரசு அஞ்சல்’ முயற்சியிலிருந்து தமிழ் விசைப்பலகை நெடுந்தூரம் வந்துவிட்டது. இன்று விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகைகள் உள்ளன. தமிழ் விசைப்பலகை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க, ஆங்கிலக் கடவுச்சொல்லைத் தட்டினால் அது எப்படிப் பொருந்தும்? மொழியைக் காட்டும் குறியும் அதே வலது கீழ் மூலையில்தான் இருக்கிறது.

சில சிறிய மடிக்கணினிகளில் எண் பூட்டு விசை அழுந்திவிட்டால் எழுத்து விசைகள் எண்களாகிவிடும். ஜே என்பது 1 ஆகும், கே 2 ஆகும், எல் 3 ஆகும். இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கடவுச்சொல் கட்டத்தின் வலது ஓரத்தில் கண்போன்ற குறியொன்று தோன்றும். அதனை அழுத்திப் பிடித்தால், புள்ளிகளாகத் தெரிந்தவை எழுத்துகளாகத் தெரியும். நாம் தட்டியதும் கணினி பெற்றதும் ஒன்றா என்பது அக்கணமே விளங்கிவிடும். பிறர் பார்க்காத இடத்தில் இதனைச் செய்க.

இரகசிய எண்ணைப் பன்முறை தவறாகத் தட்டினால், ஏ1பி2சி3 என்பதை ஆங்கிலத்தில் தட்டுமாறு கணினி கேட்கும். இதைக் கண்டு கிருமி புகுந்துவிட்டதாக அஞ்சுவோர் உண்டு. அது வேறொன்றுமில்லை: விசைப்பலகை சரியாக இயங்குகிறதா, விளையாட்டுப் பிள்ளை எவரேனும் தட்டுகின்றனரா என்று கணினி சோதித்துப் பார்க்கிறது. விண்டோஸ் 11 உள்ள பல கணினிகள், 10 முறை தவறினால் 10 நிமிடங்கள் பூட்டிக்கொள்ளும். அந்நேரத்தில் ஒரு தேநீர் அருந்தலாம்.

இனி, கடவுச்சொல் உண்மையாகவே மறந்துபோன நிலை. கணினியில் உள்ளது மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால், வேறெந்தக் கைப்பேசியிலிருந்தும் அந்நிறுவனத்தின் மீட்புப் பக்கத்துக்குச் சென்று புதியதை அமைக்கலாம். சரிபார்ப்பு எண், கணக்கில் பதிவான கைப்பேசிக்கோ மின்னஞ்சலுக்கோ வரும். நம்மவர்கள் இடறி விழுவது இங்கேதான். முன்பணச் சிம் அட்டைக்குப் பணம் போடாமல் விட்டு எண் போய்விடும். அல்லது பதிவான எண் வேலை மாறிச் சென்றுவிட்ட உறவினருடையதாக இருக்கும். பதிவான விவரங்கள் அனைத்தையும் ஒருசேர மாற்றக் கோரினால் 30 நாள் காத்திருக்க வேண்டும். ஆகையால் கைப்பேசி எண்ணை மாற்றுவதற்கு முன்னரே கணக்கிலும் மாற்றிவிடுவது முறை.

அந்தக் கணினிக்குள் மட்டும் உள்ள கணக்கு என்றால், தொடக்கத்தில் நாம் விடையளித்த மூன்று கேள்விகள் கைகொடுக்கும். இவ்வசதி விண்டோஸ் 10இல் 2018இல் வந்தது. கேள்விகளும் அமைக்கப்படவில்லை, நிர்வாக உரிமையுள்ள வேறு கணக்கும் இல்லை எனில், துடைப்பதைத் தவிர நேர்வழி இல்லை. ஆயினும் அதற்கு முன் கோப்புகளைப் படி எடுக்க முடியுமா என்று கடைக்காரரைக் கேட்டறிந்த பின்னரே ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய கணினிகளில் பெரும்பாலும் முடியும். அண்மைக்காலக் கணினிகள் பல, உள்ளிருப்பவற்றை மறைகுறியாக்கி வைக்கின்றன. அவற்றைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் தேவைப்படும். அது பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். பள்ளியின் ‘டெலிமா’ கணக்கு பூட்டிக்கொண்டால் கடைக்குச் செல்வது வீண் செலவு. வகுப்பாசிரியரிடம் தெரிவித்தால் பள்ளியே புதிய கடவுச்சொல்லை ஏற்பாடு செய்யும்.

உதவி தேடுகையில் ஓர் ஆபத்து உண்டு. இணையத்தில் ‘மைக்ரோசாஃப்ட் உதவி’ என்று போட்டுக் கிடைக்கும் தொலைபேசி எண்கள் யாவும் உண்மையானவை அல்ல. கைப்பேசிக்கு வந்த சரிபார்ப்பு எண்ணைக் கேட்பவர் எவராயினும், அவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், கொடுத்தல் ஆகாது. அப்படிக் கொடுத்து வங்கிப் பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். மோசடிக்கு உள்ளானவர்களுக்காக 2022இல் அரசாங்கம் ஏற்படுத்திய தேசிய மையம் அது. நேர்மையான உதவிக்கு, அருகில் ‘நாடி’ எனப்படும் சமூக இணைய மையம் இருப்பின் அங்குச் செல்லலாம்.

கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைக்கலாமா என்று அந்தத் தாயார் கேட்டார். எழுதக் கூடாது என்றே பலரும் போதிக்கின்றனர். நாம் அவ்வாறு கூறமாட்டோம். கணினிக்குக் கடவுச்சொல் என்னும் வழக்கம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்னும் பேராசிரியர் குழுவினர் 1961இல் இயக்கிக் காட்டிய பொதுக்கணினியில் தொடங்கியது. அக்கணினியிலேயே 1966இல் கோப்புகள் இடம்மாறி, உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் காட்டப்பட்டன! முதுமையில் கார்பட்டோவே, தம் கடவுச்சொற்களைத் தாளில் குறித்து வைத்திருந்ததை ஒப்புக்கொண்டார். அவருக்கே அது தேவைப்பட்டது என்றால், விடியற்காலை எழுந்து நிரைக்குச் செல்லும் நமக்கு ஏன் தேவைப்படாது? தாளைக் கணினியின் மேல் ஒட்டாமல், பிறப்புப் பத்திரமும் வங்கிப் புத்தகமும் உள்ள இடத்தில் வைத்தால் போதும்.

மாணவி கடையிலேயே தாள் ஒன்று கேட்டு வாங்கி நான்கு வரிகள் எழுதினார்: கணக்கின் மின்னஞ்சல் முகவரி, புதிய கடவுச்சொல், பதிவாகியுள்ள கைப்பேசி எண், அந்த எண் யாருடையது என்பது. நான்காம் வரியில் அண்ணன் பெயரை எழுதியவர் சற்று யோசித்துவிட்டு, தாயாரின் எண்ணையும் கணக்கில் சேர்க்க முடியுமா என்று நம்மிடம் கேட்டார். முடியும் என்றோம். தாயாரின் கைப்பேசிக்குச் சரிபார்ப்பு எண் வந்தபொழுது, அவரே அதனை இலக்கம் இலக்கமாக மகளுக்கு வாசித்துக் காட்டினார். தாளை நான்காக மடித்துச் சம்பளச் சீட்டுகள் இருந்த உறையில் வைத்துக்கொண்டார்.