இரண்டு மாத்திரையும் சேர்ந்தால் நல்லதா?

போன மாதம் இதயம் பற்றிப் படித்தீர்கள். இந்த மாதம் மூளை. "இது பரீட்சைக்கு வராதே"ன்னு நகர்ந்துடாதீங்க. மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கு, நின்னு படிச்சுட்டுப் போங்க.

எங்க தாத்தா அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். இப்போது அவருக்கு மறதி நோய். அதிலும் 'லூயி பாடி டிமென்சியா' என்கிற வகை. சில நாள் என்னைப் பார்த்து "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்பார். வேறு சில நாள் வட்டிக் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டுச் சொல்வார், நான் கால்குலேட்டர் எடுப்பதற்குள்! சாயங்காலம் ஆனால் திண்ணையில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி, "முறுக்கு கொடு" என்பார். திண்ணையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

போன வருஷம் டாக்டர் ஏற்கெனவே இருந்த மாத்திரையோடு இன்னொன்றையும் சேர்த்து எழுதினார். மறுநாள் காலையில் தாத்தா பேப்பரை முழுசாகப் படித்தார். "மாத்திரை கேட்டுடுச்சு!" என்று பாட்டி தெருவெல்லாம் சொல்லிவிட்டார். நாலாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. அப்படியானால் மாத்திரை வேலை செய்ததா, இல்லையா?

இதை எங்கள் விலங்கியல் சாரிடம் கேட்டேன். "ஒரு ஆளை வச்சுச் சொல்ல முடியாதும்மா. அதுவும் இந்த நோயில சொல்லவே முடியாது" என்றார். ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். 1912-ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லூயி என்ற மருத்துவர், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது செல்களுக்குள் சின்னச் சின்ன உருண்டைகளைக் கண்டார். யூதரான அவர் 1933-ல் ஹிட்லர் ஆட்சி வந்ததும் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அந்த உருண்டைகளுக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. இதே உருண்டைகள் மூளையின் மேற்பரப்பிலும் பரவி மறதி நோயை உண்டாக்கும் என்பதை 1976 முதல் எடுத்துக் காட்டியவர் ஜப்பானின் கென்ஜி கொசாகா. உருண்டைக்குள் இருப்பது ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் என்று 1997-ல் தெரிந்தது.

(கமல் நடித்த 'அவ்வை சண்முகி' எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்னோடியான ஆங்கிலப் படத்தில் பாட்டி வேஷம் போட்ட ராபின் வில்லியம்சுக்கும் இந்த நோய்தான் இருந்தது. அவருக்குப் பார்க்கின்சன் என்றுதான் சொல்லியிருந்தார்கள். 2014-ல் அவர் இறந்து, பிரேதப் பரிசோதனை செய்த பிறகுதான் இது தெரிந்தது.)

இப்போது மாத்திரைக்கு வருவோம்.

நரம்புச்செல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வேண்டும். லூயி நோயில் அது மிகவும் குறைந்துவிடுகிறது. இருக்கிற கொஞ்சத்தையும் ஒரு நொதி உடைத்துக்கொண்டே இருக்கும். நம்ம வகுப்பில் சார் எழுதி முடிக்கும் முன்பே போர்டை அழிக்கிற பையனை நினைத்துக்கொள்ளுங்கள் (பெயர் வேண்டாம், சண்டைக்கு வருவான்). ரிவாஸ்டிக்மின், டொனெபெசில் ஆகிய மருந்துகள் அந்தப் பையனின் கையைப் பிடித்து நிறுத்துகின்றன. எழுத்து இன்னும் கொஞ்ச நேரம் போர்டில் நிற்கும், நாம் படித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது மருந்து மெமாண்டின். அதன் வேலையே வேறு. குளுட்டமேட் என்ற இன்னொரு வேதிப்பொருள் அளவுக்கு மீறிச் செல்களைத் தூண்டினால், வகுப்பே ஒரே நேரத்தில் கத்துகிற மாதிரி ஆகிவிடும். யார் என்ன சொன்னார்கள் என்றே தெரியாது. மெமாண்டின் அந்தச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் தணிக்கிறது.

ஒன்று எழுத்தை நிறுத்துகிறது, இன்னொன்று சத்தத்தைக் குறைக்கிறது. அப்போ இரண்டையும் கொடுத்தா டபுள் லாபம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் காகிதத்தில் சரியாக இருப்பது உடம்பில் சரியாக இருக்கணும்னு இல்லை.

தனித்தனியாகச் சோதித்திருக்கிறார்கள். ரிவாஸ்டிக்மினை லூயி நோயாளிகள் 120 பேரிடம் சோதித்து 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். மாயத்தோற்றம், பதற்றம் எல்லாம் குறைந்தன. மெமாண்டினை 72 பேரிடம் சோதித்த முடிவு 2009-ல் வந்தது. பொதுவான நிலையில் சிறு முன்னேற்றம். சிறுசுதான், ஆனால் இருந்தது. இன்னொரு பக்கம், மெமாண்டின் கொடுத்த பிறகு சிலருக்கு மாயத்தோற்றம் அதிகமானதாகவும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அல்சைமர் நோயில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து அமெரிக்காவில் 404 பேரிடம் சோதித்தார்கள். 2004-ல் வந்த முடிவு, சேர்த்துக் கொடுப்பதே மேல் என்றது. "அதுவும் மறதி, இதுவும் மறதி, இதுக்கும் அதையே கொடுக்கலாமே" என்று தோன்றும். அது ஆபத்து. மாயத்தோற்றத்துக்காக மற்ற நோயாளிகளுக்குக் கொடுக்கிற சில மருந்துகளை லூயி நோயாளிகளுக்குக் கொடுத்தால் உடம்பு கட்டைபோல விறைத்துப்போய், உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை 1992-லேயே இங்கிலாந்தின் நியூகாசில் மருத்துவர்கள் எச்சரித்தார்கள். இந்த மூளை வேறு. இதை இதிலேயே சோதிச்சுத்தான் ஆகணும்.

அந்த நியூகாசிலில் இருந்தே 2020களில் 'கோபால்ட்' என்ற சோதனை தொடங்கியது. எங்க தாத்தா விஷயத்தில் நான் கேட்ட கேள்விதான் அதன் கேள்வியும்! ஏற்கெனவே ரிவாஸ்டிக்மின் போன்ற முதல் மருந்தைச் சாப்பிட்டு வருகிறவர்களை எடுத்துக்கொள்கிறார்கள். குலுக்கல் போட்டு ஒரு பாதிக்கு மெமாண்டினும், மறு பாதிக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கிற வெற்று மாத்திரையும் தருகிறார்கள். லூயி மறதி நோய்க்கு ஒரு சோதனை, பார்க்கின்சனுக்குப் பின் வருகிற மறதிக்கு இன்னொன்று என இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கும்.

இதைப் படித்துக் காட்டியதும் என் தோழி கோபப்பட்டாள். "நோயாளிக்கு வெறும் மாத்திரை கொடுத்து ஏமாத்துறதா?" நியாயமான கேள்வி. ஆனால் கவனியுங்கள். முதல் மருந்தை யாருக்கும் நிறுத்துவதில்லை. இரண்டாவது மருந்து நல்லதா கெட்டதா என்றே தெரியாதபோது, அது கிடைக்காதவர் நஷ்டப்பட்டார் என்று எப்படிச் சொல்வது? ஒருவேளை தப்பித்தவராகவும் இருக்கலாம். ஏமாற்றும் இல்லை. "உங்களுக்கு எது கிடைக்கும் என்று எங்களுக்கும் தெரியாது" என்று முன்கூட்டியே சொல்லித்தான் சம்மதம் வாங்குகிறார்கள். நோயாளிக்குப் புரிந்துகொள்ளும் சக்தி இல்லாவிட்டால், அவரை நன்றாக அறிந்த ஒருவரிடம் "இவர் தெளிவாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்கவேண்டும் என்பது அந்த நாட்டு விதி. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பதில்லை, "அவர் என்ன நினைப்பார்?" என்றுதான் கேட்கிறார்கள்.

மாத்திரை எது என்பது டாக்டருக்கும் தெரியாது, குடும்பத்துக்கும் தெரியாது. ஏன் இந்த மறைப்பு? எங்க பாட்டியையே எடுத்துக்கோங்க. புது மாத்திரை என்று தெரிந்ததும் தாத்தா தும்மினால்கூட முன்னேற்றமாகத் தெரிந்தது! ஆசை கண்ணை மறைக்கும்.

இப்போது சார் சொன்னதற்கு வருகிறேன். இந்த நோயின் அடையாளமே ஏற்ற இறக்கம்தான். மருந்தே இல்லாமலும் நல்ல நாள் வரும், மருந்து இருந்தும் கெட்ட நாள் வரும். தாத்தா பேப்பர் படித்தது மாத்திரையாலா, அன்றைக்கு நல்ல நாளா என்பதை அவர் ஒருவரை வைத்துப் பிரிக்கவே முடியாது. நிறையப் பேரை, குலுக்கல் முறையில் பிரித்து, மாதக்கணக்கில் பார்த்தால் நல்ல நாளும் கெட்ட நாளும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழும். அதன் பிறகும் மிஞ்சுகிற வித்தியாசம்தான் மருந்தின் கணக்கு.

வித்தியாசம் வரவில்லை என்றாலும் அது வீண் இல்லை. ஒரு மாத்திரை குறையும். அதன் தலைசுற்றல், தூக்கக் கலக்கம், மாதச் செலவு மூன்றும் குறையும். எங்கள் வீட்டில் அந்த மாத்திரையை இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். நாமாக நிறுத்தக் கூடாது, அடுத்த முறை டாக்டரிடம் கேட்கவேண்டும் என்று பாட்டியிடம் சொல்லியிருக்கிறேன். பாட்டி, "நீயே வந்து கேளு" என்கிறார்.

சிந்திக்க ஒரு கேள்வி: ஒரு டாக்டர் நோய் முற்றியவர்களுக்கு மட்டும் இரண்டு மாத்திரையும், லேசாக இருப்பவர்களுக்கு ஒன்று மட்டும் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து ஒரு மாத்திரைக்காரர்கள் நன்றாக இருந்தார்கள். "இரண்டாவது மாத்திரை கெடுதல்" என்று அவர் எழுதிவிட்டார். தப்பு எங்கே? விடையை உங்கள் பெயர், வகுப்போடு எழுதி வெள்ளிக்கிழமைக்குள் கீழே உள்ள பெட்டியில் போடவும். சரியாக எழுதியவர்கள் பெயர் அடுத்த இதழில்.

- பதினோராம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி