பழம்பொருள் வாங்கப் போவோமா?

லீவு விட்டால் ஊட்டி, கொடைக்கானல் என்றுதான் கிளம்புகிறோம். ஒருமுறை காரைக்குடிக்குப் போய்ப் பாருங்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். செட்டிநாட்டு வீடுகளில் இருந்த எனாமல் பாத்திரம், பித்தளைச் சாமான், பர்மா தேக்கு மேஜை எல்லாம் அங்கே விலைக்கு வரும்.

வழி: பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர். இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

"நூறு வருஷத்துச் சரக்கு தம்பி" என்பார் கடைக்காரர். நான் பையில் மூன்று சாமான் வைத்துக்கொள்வேன்.

1. காந்தம்: பித்தளையில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் பூச்சு.

2. டேப்: மரம் ரேகைக்குக் குறுக்கேதான் அதிகம் சுருங்கும். பழைய வட்ட மேஜைப் பலகையை ரேகை வாக்கிலும் குறுக்கேயும் அளந்தால் பெரும்பாலும் வித்தியாசம் காட்டும்.

3. லென்ஸ்: ரவிவர்மா படத்தில் ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அது ஆஃப்செட் மறுபதிப்பு.

சட்டமும் தெரியணும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளை விற்க லைசென்ஸ் வேண்டும். சிலையை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். பேப்பர் இல்லாத சாமி சிலையைத் தொடாதீங்க. எந்தக் கோயிலில் திருடியதோ!

நம்ம கொங்கு நாட்டிலும் பழம்பொருளுக்குக் குறைச்சல் இல்லை. சென்னிமலை பக்கம், நொய்யல் கரையில் கொடுமணல். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் கல்மணி செய்த தொழிற்கூடம். அங்கே பொறுக்கிய மணியை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதுதான் அதன் வயதைச் சொல்லும். பொறுக்கி எடுத்தால் சரித்திரமே போச்சு.

கொடுமணலைப் பார்த்துப் படிப்போம். வாங்குவதைக் காரைக்குடியில் வைத்துக்கொள்வோம், ரசீதோடு!