காதல் நாவல் எழுத வருகிற பிள்ளைகளுக்கு

காதல் நாவல் எழுத ஆசைப்பட்டு என்னைத் தேடி வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளர்ந்தவர்கள். ஒருத்தி வங்கியில் வேலை செய்கிறாள், ஒருத்தி கைக்குழந்தைக்காரி, ஒரு தம்பி கணக்கியல் படிக்கிறார். வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு கைபேசியிலேயே அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதித் தருகிறேன். கொழும்பில் இரண்டு தமிழர் ஒருவரையொருவர் விரும்பி, அந்த விருப்பத்தோடு சேர்ந்து வாழத் தொடங்குவது மிகப் பெரிய காரியம். அதன் பெறுமதியை அறிந்து எழுதுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

1. வெட்கப்படாதீர்கள். "காதல் கதையா எழுதுறீங்கள்?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்புகிறவர்களைத் தமிழ்ச் சங்கத்துப் படிக்கட்டிலும் காண்பீர்கள், கலியாண வீட்டுப் பந்தியிலும் காண்பீர்கள். ஈழத்தில் தமிழ் நாவல் எழுதிய முதல் பெண்ணாகச் சொல்லப்படுகிற மங்களநாயகம் தம்பையா 1914 இல் எழுதிய 'நொறுங்குண்ட இருதயம்' ஒரு பெண்ணின் மணவாழ்க்கைத் துன்பத்தைத்தான் பேசியது. யாரோடு வாழ்வது, யார் அதைத் தீர்மானிப்பது என்ற கேள்வியிலிருந்துதான் நம்முடைய பெண்களின் நாவல் தொடங்கியிருக்கிறது. அந்தக் கேள்வியை அற்பம் என்பவரோடு தர்க்கித்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். வீட்டுக்குப் போய் எழுதுங்கள்.

2. உங்களுக்கு முன்னால் எழுதியவர்களைப் படியுங்கள். ரமணிசந்திரனின் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களைக் கரைத்துக் குடித்த பிள்ளைகள், நம் நாட்டு நாவல் ஒன்றின் பெயர் கேட்டால் விழிக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருகிற விசயம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இங்கே வாசிக்கிறவர்களுக்கு இங்கேயே எழுத வேண்டிய நிலை வந்தது. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் கிராண்ட்பாஸ் வீதியில் இருக்கிற வீரகேசரி அப்போது நாவல்களை மலிவுப் பதிப்பாக அடுத்தடுத்து வெளியிட்டது. கே. எஸ். ஆனந்தனின் 'தீக்குள் விரலை வைத்தால்', திருகோணமலை ந. பாலேஸ்வரியின் 'பூஜைக்கு வந்த மலர்', அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி', செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' எல்லாம் அந்த வரிசையில் வந்தவை. இவற்றில் 'நிலக்கிளி' வன்னியின் தண்ணிமுறிப்புக் காட்டோரக் குடும்பத்தின் கதை. 'வாடைக்காற்று' நெடுந்தீவுக் கடற்கரையில் பருவத்துக்கு வாடி போட்டுத் தொழில் செய்ய வருகிற மீனவரின் கதை. 1978 இல் படமாகவும் வந்தது. இரண்டிலும் காதலை எடுத்துவிட்டால் கதை நிற்காது. காட்டையும் கடலையும் எடுத்துவிட்டாலும் நிற்காது. சென்னையைப் பார்த்திராத வாசகர்கள் தங்களுடைய மண்ணில் நடக்கிற காதலை அப்போது காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

1977 க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது. இந்திய மாத நாவல்கள் திரும்பக் கடைக்கு வந்தன. பிறகு 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்செயல் வந்தது. எழுத்தாளர், வாசகர், அச்சகம் எல்லாம் சிதறிய பிறகு அப்படியொரு தொடர்ச்சி இங்கே மீண்டும் உருவாகவில்லை. ஆனால் அந்தப் புத்தகங்கள் அழியவில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய நூல்கள் பல மின்வடிவில் இருக்கின்றன. காசு கட்டத் தேவையில்லை. வெள்ளவத்தை 57 ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகமும் இருக்கிறது. மாதம் ஒன்றாவது படியுங்கள்.

3. கதையை நீங்கள் நடக்கிற தெருவில் வையுங்கள். கதாநாயகன் மெரீனாவில் நின்று கோபப்படுகிறான், கதாநாயகி கொடைக்கானலில் தொலைந்துபோகிறாள்; எழுதியவளோ வெள்ளவத்தை ஹம்டன் ஒழுங்கையைத் தாண்டி அதிகம் போகாதவள். இப்படி வருகிற கையெழுத்துப் பிரதிகளை நான் திருப்பித்தான் கொடுக்கிறேன். காதல் கதைக்கு உயிர் தருவது தடை. கொழும்பில் இருக்கிற தடைகளை வேறு எந்த ஊர்க்காரருக்கும் நம்மைப்போலத் தெரியாது.

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 1995 இல் யாழ்ப்பாணத்தைவிட்டு மக்கள் பெருந்தொகையாக வெளியேறிய பிறகு, வெள்ளவத்தை லொட்ஜுகளில் எத்தனை பெண்கள் விசாவுக்காகக் காத்திருந்தார்கள்! கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற மாப்பிள்ளையைப் படத்திலும் தொலைபேசிக் குரலிலும் மட்டும் அறிந்தவர்கள் அவர்கள். பொலிஸ் பதிவு, அடையாள அட்டைச் சோதனை, தூதரக நேர்முகம் என்று நாள் போகும். காத்திருக்கிற காலத்தில் பக்கத்து அறையில் இருக்கிற ஒருவன் தண்ணீர்ப் போத்தல் தூக்கிக்கொண்டு வந்து தருகிறான். ஒரு நாவல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

2007 ஜூன் 7 ஆம் திகதி விடியற்காலையில், தகுந்த காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லி, லொட்ஜுகளில் இருந்த தமிழர் 376 பேரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த பஸ்ஸில் இருந்த ஒரு பெண்ணுக்கு அடுத்த கிழமை பதிவுத் திருமணம் நிச்சயமாகியிருந்தால் என்ன செய்திருப்பாள்? கொழும்பில் தங்குவதற்குக் காதல் தகுந்த காரணமா என்று ஒரு பொலிஸ்காரர் முன்னால் அவள் எப்படிச் சொல்லியிருப்பாள்? இதை எழுதுவதற்கு நீங்கள் பிறந்த இடமே உங்களுக்குத் தகுதி தருகிறது.

சீதனத்தை விட்டுவிடாதீர்கள். மேலோட்டமாக "மாமியார் நகை கேட்டார்" என்று எழுதாமல், காணி உறுதியில் எழுதியிருப்பதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். தேசவழமைக்கு உட்பட்ட பெண், திருமணமான பிறகு தன் பெயரில் இருக்கிற காணியைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் விற்க முடியாது; 1911 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமணக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது இது. கணவன் வெளிநாட்டில் தொடர்பற்றுப் போய், பெண் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இரண்டு பிள்ளைகளோடு இருந்து, மானிப்பாய்க் காணியை விற்க வழி தெரியாமல் தவிக்கிற கதையில் காதலுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது! அவளுக்கு உதவ வருகிற நொத்தாரிசின் உதவியாளர்தான் உங்கள் கதாநாயகன் ஆகட்டுமே.

சாதி, யாழ்ப்பாணம் மலையகம் என்ற பேதம், கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம் வெள்ளவத்தைச் சைவக் குடும்பம் என்ற இழுபறி, சிங்களவரையோ முஸ்லிமையோ விரும்பிவிட்ட பிள்ளை: இவையெல்லாம் நம்முடைய வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு பேசப்படுகிற விசயங்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் போய் எழுதுங்கள்.

4. ஆட்கள் கதைக்கிறபடி கதைக்க விடுங்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் வளர்ந்த இருவர் முதலில் "நீங்கள்" என்பார்கள். பழகிய பிறகு ஒரு நாள் "நீர்" வரும். அந்த "நீர்" வருகிற இடத்தில் கதாநாயகி நிமிர்ந்து பார்க்க வேண்டும், வாசகரும் நிமிர்வார். "நீ" வருவதற்கு இன்னும் எத்தனை அத்தியாயம் என்பது உங்கள் கையில். ஜிந்துப்பிட்டியிலும் கொச்சிக்கடையிலும் தலைமுறையாக இருக்கிற இந்திய வம்சாவளிக் குடும்பத்துப் பிள்ளை அப்படிக் கதைக்க மாட்டாள். அவளுடைய பேச்சின் ஓட்டம் வேறு, நடுவில் சிங்களச் சொல் இயல்பாக வந்து விழும். செட்டியார் தெரு நகைக்கடையில் ஒரு மணித்தியாலம் நின்றால் நாலு விதமான தமிழ் காதில் விழும். கேட்டு எழுதுங்கள். தொலைக்காட்சித் தொடர்த் தமிழை உங்கள் பாத்திரங்களின் வாயில் வைத்தால், முதல் பக்கத்திலேயே வாசகருக்கு அந்நியராகிவிடுவார்கள்.

5. காதலர்கள் எங்கே சந்திப்பார்கள் என்று கணக்குப் பாருங்கள். மூன்று அறை வீட்டில் ஏழு பேர், கீழே காவலாளி, எதிர் வீட்டில் பெரியம்மாவின் சிநேகிதி. மரைன் டிரைவில் குடை பிடித்துக்கொண்டு இருக்கலாம். புறக்கோட்டைக்குப் போகிற 100 ஆம், 101 ஆம் இலக்க பஸ்ஸில் பக்கத்து இருக்கை கிடைக்கலாம். ஆடிவேல் பார்க்க வந்த கூட்டத்தில் சற்று நேரம் பின்தங்கலாம். இவ்வளவுதான். ஒரு முழு நாவலின் கட்டமைப்பே அந்த இட நெருக்கடியிலிருந்து வரும்.

6. "இது உங்கட சொந்தக் கதையோ?" என்று கேட்பார்கள். பெண் எழுதினால் கட்டாயம் கேட்பார்கள். கலியாணமாகாதவளிடம் கேட்டால் அவளுடைய சம்பந்தப் பேச்சு பாதிக்கும். கலியாணமானவளிடம் கேட்டால் கணவரின் வீட்டில் முகம் மாறும். புனைபெயர் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அதில் கோழைத்தனம் ஒன்றும் இல்லை. ஆனால் பயத்தினால் கதையின் சூட்டைக் குறைக்காதீர்கள். அதோடு ஒரு கடமையும் இருக்கிறது: பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உடைந்துபோன நிச்சயதார்த்தத்தை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். வெள்ளவத்தை சின்ன ஊர். ஊர், தொழில், குடும்ப நிலை எல்லாவற்றையும் மாற்றினாலும் அந்தப் பிள்ளை தன்னை அடையாளம் கண்டுவிடுவாள் என்று தோன்றினால், எழுதியதை மேசைக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

7. நேரம். எழுத உட்காருகிற பெண்ணை இந்த ஊரில் யாரும் வேலை செய்கிறவளாக நினைப்பதில்லை. காஸ்காரர் மணி அடிப்பார், மச்சாள் மின்தூக்கியில் ஏறிவிட்டேன் என்று அழைப்பு எடுப்பார், பிள்ளைக்கு ரியூஷன் முடிந்துவிடும். முத்தக் காட்சியின் நடுவில் எழுந்து பருப்பை இறக்கியிருக்கிறேன். திரும்பி வந்தபோது அந்த இரண்டு பேரும் எனக்கு அந்நியராகியிருந்தார்கள். ஆகவே எழுந்திருக்கும்போது வாக்கியத்தை முடிக்காமல் பாதியில் விடுங்கள். திரும்பி வரும்போது உள்ளே நுழைய அந்தப் பாதி வாக்கியம் கைகொடுக்கும். வீட்டாரிடம் "எழுதுகிற நேரம்" என்று ஒன்றைச் சொல்லி வையுங்கள். ஆண் பிள்ளைகள் இதைப் படித்தால், உங்கள் அக்காவோ மனைவியோ எழுதும்போது பருப்பை நீங்கள் போய் இறக்குங்கள்.

8. கதாநாயகன் கை ஓங்கக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. கன்னத்தில் அறைந்து, கையை முறுக்கி, கட்டாயத் தாலி கட்டி, பிறகு "உன்மேல் இருந்த அன்பால்தான்" என்று சொல்கிறவனைப் பல்லாயிரம் பக்கங்களில் நாயகனாக்கி வைத்திருக்கிறோம். இந்த நாட்டில் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அவன் செய்கிற காரியத்துக்கு நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை வாங்கலாம். பதினாறு வயதுப் பிள்ளைகள் உங்களைப் படிக்கிறார்கள். அடியை அன்பு என்று படித்தவள் அடி விழும்போது அடையாளம் காணமாட்டாள். கோபக்காரனை எழுதுங்கள், பொறாமைக்காரனை எழுதுங்கள். கேட்டு, காத்திருந்து, "வேண்டாம்" என்றால் விலகத் தெரிந்தவனாகவும் அவனை எழுதுங்கள். அதில் கிளர்ச்சி இல்லை என்று நினைத்தால் இன்னும் கூர்மையாக எழுதப் பழகவில்லை என்றுதான் அர்த்தம்.

9. முடிவு சுபமாக இருக்கட்டும் என்று வாசகர் கேட்டால் அவரைக் குறைவாக எண்ணாதீர்கள். பிரிவை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை; வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் இருக்கிறது. சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று படிக்க அவருக்கு உரிமை இருக்கிறது. அந்தச் சேர்க்கை உழைத்துப் பெற்றதாக இருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று மனம் மாறுகிற அப்பாவை நான் நம்புவதில்லை, நீங்களும் நம்பாதீர்கள்.

10. காசு விசயம். இங்கே காதல் நாவல் எழுதி வீட்டு வாடகை கட்ட முடியாது. அச்சகத்துக்குப் பெரும்பாலும் எழுத்தாளரே காசு கட்டுகிறார். 300 பிரதி, மிஞ்சினால் 500. வெளியீட்டு விழா வைப்பீர்கள்: மங்கல விளக்கு, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, கடித உறைக்குள் அன்பளிப்பு. அன்று வருகிற காசு அச்சுச் செலவில் ஒரு பங்கை மீட்கும். அந்த விழாவைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நம் சமூகம் தன் எழுத்தாளருக்குக் கைமாற்றுகிற உதவி அது, நன்றியோடு வாங்குங்கள். ஆனால் மேடையில் புகழ்ந்தவர்களில் எத்தனை பேர் புத்தகத்தைத் திறந்தார்கள் என்று எண்ணி மனம் உடையாதீர்கள். எங்கோ ஒரு தாதி இரவுக் கடமையில் அதைப் படித்து முடித்திருப்பாள். அவள் மேடைக்கு வரமாட்டாள்.

2022 இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அதற்குப் பிறகு அச்சுச் செலவு பழைய நிலைக்கு வரவில்லை. ஆகவே இணையத்தில் தொடராக எழுதுவது அறிவான வழி. ஆனால் எழுதியது உங்களுடையது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு செய்யாமலே பதிப்புரிமை உங்களுக்கு உண்டு. நீங்கள் வாழும் காலமும் அதற்குப் பிறகு 70 ஆண்டும். உங்கள் நாவலை யாரோ பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டால், "பரவாயில்லை, நாலு பேர் படிக்கட்டும்" என்று இருந்துவிடாதீர்கள். மரியாதையாக எழுதி எடுக்கச் சொல்லுங்கள், திகதியோடு பதிந்து வையுங்கள். என் நாவல் ஒன்று வேறு அட்டையோடும் வேறு பெயரோடும் சுற்றியதைக் கண்டிருக்கிறேன். அந்த இரவு நான் உறங்கவில்லை.

11. பிரதிகளைக் காப்பாற்றுங்கள். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 இல் இந்தக் காலி வீதியில் வீடுகள் எரிந்தபோது அச்சேறாத எழுத்துகளும் எரிந்தன. கைபேசி தொலைந்தால் நாவலும் தொலைகிற நிலையில் இன்றைக்கும் சில பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுதிய அன்றே உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். புத்தகமாக வரும்போது கொழும்பு 7 இல் தேசிய நூலகத்தில் ஐஎஸ்பிஎன் எண் எடுங்கள். தமிழ்ச் சங்க நூலகத்துக்கு இரண்டு பிரதி கொடுங்கள். நூலகம் தளத்துக்கு எழுதி, மின்வடிவாக்க அனுமதி கொடுங்கள். யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் ஹட்டனுக்கும் போகிறவர்களிடம் ஒவ்வொரு பிரதி கொடுத்து விடுங்கள், அங்கேயுள்ள பொது நூலகத்தில் சேர்த்துவிடச் சொல்லி.