தனியாக டெலிவரிக்குப் போகிறோமா? மங்கலம்பேட்டை ரூட்டுக்கு ஒரு முழுமையான பாதுகாப்பு வழிகாட்டி

மங்கலம்பேட்டையில் பார்சல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால், விருத்தாசலம்–உளுந்தூர்பேட்டை சாலையில் இருக்கும்வரை பஸ், லாரி, டீக்கடை என்று கண்ணெதிரே மனிதர்கள் இருப்பார்கள். பூவனூர், கோணாங்குப்பம், விஜயமாநகரம் என்று உள்ளே திரும்பிவிட்டால் நாமும் வண்டியும்தான். வயல், அடுத்த ஊர் வரும்வரை ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு, சில இடங்களில் ஒரு கோடு மட்டும் காட்டும் சிக்னல்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெட்ரோல் கணக்கையும் இன்சென்டிவையும் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். பாதுகாப்பை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. அதை இங்கே முதலிலிருந்து படிப்படியாகப் பார்த்துவிடுவோம். பெரிய செலவு கிடையாது. ஒரு நாள் விடுப்பில் எல்லாவற்றையும் தயார் செய்துவிடலாம்.

தனியாகப் போவதில் என்ன ஆபத்து?

சாலை விபத்து, நாய்க்கடி, பாம்பு, வெயில் மயக்கம், பணப்பறிப்பு. இவை எல்லோருக்கும் வரக்கூடியவைதான். கூட ஒருவர் இருந்தால் அவர் போன் செய்வார், தண்ணீர் கொடுப்பார், கத்திக் கூப்பிடுவார். தனியாக இருக்கும்போது அந்த உதவி வந்து சேரும் நேரம் நீண்டுவிடுகிறது. சின்னக் காயம் பெரிதாவது அந்த நேரத்தில்தான். ஆகவே நாம் செய்யப்போகும் ஏற்பாடுகள் எல்லாமே அந்த நேரத்தைக் குறைப்பதற்காகத்தான்.

முதல் படி: நமக்காக ஒரு ஆள்

ஹெல்மெட் வாங்குவதற்கும் முன்னால் இதைச் செய்துவிடுவோம். நாம் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று தெரிந்த ஒரு ஆள் வேண்டும். அம்மா, மனைவி, தம்பி, கடை வைத்திருக்கும் நண்பர், யாராக இருந்தாலும் சரி. பகலில் போனைக் கையிலேயே வைத்திருப்பவராக இருப்பது முக்கியம்.

1986 ஜூலை 28 அன்று லண்டனில் சூசி லாம்ப்ளூ என்ற 25 வயதுப் பெண், வீட்டுத் தரகு நிறுவன ஊழியர், ஒரு வாடிக்கையாளருக்கு வீடு காட்டத் தனியாகப் போனார். அதன்பின் அவரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. போகும் நேரம், வாடிக்கையாளர் பெயர், முகவரி மூன்றையும் அலுவலக டைரியில் எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். ஆனாலும் மதியம் போனவரைப் பற்றிப் போலீசுக்குத் தகவல் போனபோது மாலையாகிவிட்டது. அவர் பெயரில் குடும்பத்தார் தொடங்கிய அறக்கட்டளை, தனியாக வேலை பார்ப்பவர்களின் பாதுகாப்புக்காக இன்றும் இயங்குகிறது.

எழுதி வைப்பது பாதி வேலைதான். குறித்த நேரத்துக்கு ஆள் வரவில்லை என்றால் யார் கேட்பது, எத்தனை மணிக்குக் கேட்பது, யாரிடம் கேட்பது என்பது மீதிப் பாதி. நம் ஆளிடம் இதை முன்கூட்டியே பேசி வைப்போம்.

“அக்கா, கோணாங்குப்பம் பக்கம் போறேன். நாலரைக்குள்ள போன் பண்ணிடுவேன். வரலைன்னா நீங்க கூப்பிடுங்க. ரெண்டு தடவை அடிச்சும் எடுக்கலைன்னா ஹப்புக்குப் போன் போடுங்க. அவங்களுக்கும் தெரியலைன்னா 112.”

இவ்வளவு போதும். ஹப் மேற்பார்வையாளர் எண், வண்டி எண், நம் ரத்த வகை மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிட வேண்டும். நேரம் தள்ளிப்போனால் நாமே முந்திக்கொண்டு ஒரு மெசேஜ் போட்டுவிடுவோம். சொன்ன நேரத்தை அடிக்கடி தவறவிட்டால் அவருக்கும் பழகிப்போய், நிஜமான ஆபத்தன்று அசட்டையாக இருந்துவிடுவார்.

கூடவே, ஒரே ஹப்பில் ஓட்டும் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்வது நல்லது. எந்தத் தெருவில் நாய், எந்தத் தரைப்பாலத்தில் தண்ணீர், எந்த எண்ணிலிருந்து போலி ஆர்டர் வருகிறது என்பதெல்லாம் அங்கே உடனுக்குடன் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: போனைத் தயார் செய்வது

வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று பகிரலாம். காலையில் கிளம்பும்போதே 8 மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்து நம் ஆளுக்கு அனுப்பிவிடுவோம். ஒரு ஷிஃப்டுக்கு அது போதும். சிக்னல் அறுந்தாலும் கடைசியாக எங்கே இருந்தோம் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்து, தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலி. 2022-இல் வந்தது, இலவசம். அதில் உள்ள சிவப்பு அவசர பட்டனை அழுத்தினால் நம் இருப்பிடத்தோடு தகவல் போலீசுக்குப் போகும். நிறுவியதும் பெயர், எண், அவசரத் தொடர்புகளை நிரப்பிவிட வேண்டும். விபத்துக்குப் பிறகு நிரப்ப முடியாது.

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களின் செட்டிங்ஸில் அவசர எஸ்.ஓ.எஸ். வசதி இருக்கிறது. பவர் பட்டனை வேகமாக ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும்படி அமைத்துக்கொள்ளலாம். லாக் ஸ்கிரீனில் ரத்த வகையும் வீட்டு எண்ணும் தெரியும்படி வைத்தால், நாம் பேச முடியாத நிலையில் இருந்தாலும் நம்மைத் தூக்குகிறவருக்கு உதவும்.

மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள்: எல்லா அவசரத்துக்கும் 112, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் 1033, ஆன்லைன் பண மோசடிக்கு 1930.

மூன்றாம் படி: என்னென்ன வாங்கலாம், எவ்வளவு ஆகும்?

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள முழுமுக ஹெல்மெட் சுமார் 1,000 முதல் 2,000 ரூபாய். ரோட்டோரம் 300 ரூபாய்க்குக் கிடைப்பது அபராதத்திலிருந்து வேண்டுமானால் காப்பாற்றலாம், மண்டையைக் காப்பாற்றாது. தாடைப் பட்டையைப் போடாத ஹெல்மெட்டும் அப்படித்தான், விழுந்த வேகத்தில் தனியே பறந்துவிடும்.

ஒளி பிரதிபலிக்கும் ஜாக்கெட் 150 முதல் 300, மொபைல் ஹோல்டர் 300 முதல் 500, பவர் பேங்க் சுமார் 1,000, நல்ல மழைக்கோட்டு 600-க்கு மேல், சின்ன டார்ச்சும் விசிலும் சேர்த்து 200, முதலுதவிப் பொருட்கள் 200. மொத்தம் சுமார் 3,500 முதல் 5,000 ரூபாய்க்குள் முடியும். கையில் அவ்வளவு இல்லையா? ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் முதலில், மற்றவை அடுத்தடுத்த சம்பளத்தில். விசிலை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பள்ளத்தில் விழுந்து குரல் எழும்பாதபோது அதன் சத்தம் வயல் தாண்டிக் கேட்கும்.

வாசலில் எச்சரிக்கை

2023 பிப்ரவரியில் கர்நாடக மாநிலம் அரசிக்கெரேயில் ஒரு டெலிவரி ஊழியர் ஐபோன் கொடுக்கப் போனார். கேஷ் ஆன் டெலிவரி, 46,000 ரூபாய். பணம் தராமலே போனை எடுத்துக்கொள்ள நினைத்த வாடிக்கையாளர் அவரை வீட்டுக்குள்ளேயே கொன்றார். 2024-இல் லக்னோவிலும் ஏறக்குறைய அதேபோல் ஒரு கொலை நடந்தது. இரண்டிலும் விலை உயர்ந்த போன், ரொக்கம், தனி ஆள்.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி: வாசற்படியைத் தாண்டி உள்ளே போவதில்லை. “உள்ள வாங்க தம்பி, பணம் எடுத்துட்டு வரேன்” என்று யார் அழைத்தாலும், “பரவாயில்லைங்க, இங்கேயே நிக்கிறேன்” என்று மரியாதையாகச் சொல்லிவிடுவோம். பெண் ஊழியர்கள் இதில் ஒருபோதும் தயங்க வேண்டாம். விலை அதிகமான சி.ஓ.டி. பார்சல் என்றால் போவதற்கு முன் நம் ஆளுக்கு முகவரியை அனுப்புவோம், பகலிலேயே முடிப்போம். ஊருக்கு வெளியே மோட்டார் கொட்டகைக்கோ தோப்புக்கோ வரச் சொன்னால், கடைத்தெருவுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுவோம். மறுத்தால் பார்சலைத் திருப்பிவிடலாம். ரேட்டிங் குறையட்டும்.

வசூலான ரொக்கத்தைச் சாயங்காலம் வரை சுமந்து திரிய வேண்டாம். ஹப்பில் நடுவில் ஒரு முறை கட்ட முடியுமா என்று முதல் நாளே கேட்டு வைப்போம். யாராவது மறித்து மிரட்டினால் பணத்தையும் பையையும் கொடுத்துவிட்டு விலகிவிட வேண்டும், பிறகு 112. போன பணத்துக்கு ஹப்பில் பேசிக்கொள்ளலாம்.

நாய்க்கும் இதே கவனம் வேண்டும். 2023 ஜனவரியில் ஹைதராபாத்தில் வளர்ப்பு நாய் பாய்ந்ததில் பயந்து மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த ஓர் உணவு டெலிவரி இளைஞர் இறந்துபோனார். கேட்டைத் திறக்காமல் வெளியிலிருந்தே போன் செய்து, நாயைக் கட்டச் சொல்வோம். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். ஊசி இலவசம். எல்லாத் தவணையையும் முடிக்க வேண்டும்.

நம் பகுதிச் சாலைகளில்

கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர்கள் இருட்டில் நிற்கும். அறுவடைக் காலத்தில் தானியத்தைச் சாலையிலேயே காயப்போடுவார்கள். அதன்மேல் பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கும், தூரத்திலிருந்தே வேகத்தைக் குறைக்க வேண்டும். இருட்டிய பிறகு உள் ரோட்டில் 40-ஐத் தாண்ட வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழையில் தரைப்பாலங்களைத் தனியாகக் கடக்கக் கூடாது. 2024 நவம்பர் கடைசியில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது கடலூர் மாவட்டம் பட்ட பாடு நமக்கு நினைவிருக்கும். பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் ஆழம் பார்க்காமல் திரும்பிவிடுவதே சரி. மழைக்காலச் சாயங்காலங்களில் பாம்பும் ரோட்டுக்கு வரும். கடித்தால் கீறவோ இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

மே மாத மதியம் இன்னொரு தனி ஆபத்து. தலை சுற்றுவதும் வியர்வை நின்றுபோவதும் தெரிந்தால் அடுத்த டெலிவரியை மறந்துவிட்டு நிழலில் இறங்கி, நம் ஆளுக்குச் சொல்ல வேண்டும். தண்ணீரோடு இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பையில் இருக்கட்டும்.

லோடு வண்டி ஓட்டுபவர்களுக்கு

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையிலிருந்து பொம்மை, இன்சுலேட்டர் ஏற்றிக்கொண்டு குட்டியானையில் வருகிறவர்களுக்கும் கிளீனர் இல்லாவிட்டால் தனி வேலைதான். ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கிப் பின்பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு வர வேண்டும். பெட்டி சரிந்தால் பீங்கானைக் காப்பாற்ற உடம்பைக் கொடுக்கக் கூடாது, உடைந்த விளிம்பு கத்தி போல வெட்டும். தடித்த கையுறை 100 ரூபாய்க்குள் கிடைக்கும். தனியாகத் தூக்க முடியாத எடை என்றால், இறக்கும் இடத்தில் ஆள் உண்டா என்று ஏற்றும்போதே கேட்டுவிடுவது நல்லது.

விபத்து நடந்துவிட்டால்

வண்டியைத் தூக்குவதற்கு முன் சாலையை விட்டு ஓரமாக வந்து, 108-ஐ அழைத்து, ஊர்ப் பெயரோடு பக்கத்தில் தெரியும் கோயில், பள்ளி, மின்கம்ப எண் என ஏதாவது ஓர் அடையாளம் சொல்லுவோம். பிறகு நம் ஆள், அதன்பின் ஹப்.

பணத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரியைத் தவிர்க்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கிய எவருக்கும், அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் வந்த ஒன்றிய அரசின் திட்டத்தில் 7 நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குச் சிகிச்சை பெறலாம்.

தூக்கிவிட வருபவர் போலீஸ் கேஸுக்குப் பயந்து தயங்கலாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. அவர் பெயரைக்கூடக் கட்டாயமாகச் சொல்ல வேண்டியதில்லை. இதை நாம் போகும் ஊர்களில் பேச்சுவாக்கில் சொல்லி வைத்தால், என்றாவது நமக்கோ இன்னொரு ஓட்டுநருக்கோ அது உயிராக வரும்.

காப்பீடும் பதிவும்

வங்கிக் கணக்கு இருந்தால் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தாலோ முழு ஊனமடைந்தாலோ 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். 18 முதல் 70 வயது வரை சேரலாம். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1-இல் தொடங்குவதால், மே கடைசியில் கணக்கில் பணம் இருக்க வேண்டும்.

வண்டி இன்சூரன்ஸ் எடுக்கும்போது உரிமையாளர்–ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் சேர்க்கச் சொல்லுவோம். சொந்த உபயோக வண்டியை டெலிவரிக்கு ஓட்டினால் க்ளெய்ம் செல்லுமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். இது பலர் தவறவிடும் இடம்.

இணையம் வழி வேலை பெறும் ஊழியர்களுக்கென்று தமிழ்நாடு அரசு 2023-இல் தனி நல வாரியம் அமைத்தது. அதிலும் ஒன்றிய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. ஆதாரும் வங்கிப் புத்தகமும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனால் வழிகாட்டுவார்கள். “நீங்க பார்ட்னர், தொழிலாளி இல்லை” என்று நிறுவனங்கள் சொல்லிவந்த வேலைக்கு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இப்போது பெயரும் இடமும் இருக்கிறது. நம் பெயர் பதிவில் இருந்தால்தான் அது நமக்குப் பயன்படும்.

இன்றே தொடங்குவோம்

வாங்குவதையும் பதிவதையும் இந்த வார விடுப்பு நாளில் வைத்துக்கொள்ளலாம். நமக்கான ஆளை மட்டும் இன்று இரவே முடிவு செய்து, அவர் எண்ணை அவசரத் தொடர்பில் சேர்த்து, நாளைக் காலை எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குப் போன் செய்வீர்கள் என்பதை அவரிடம் சொல்லிவிட்டுத் தூங்குங்கள்.